மணல்மேட்டில் களையெடுத்தோம்

எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் களை என்றால் ஜென்மப் பகை. ஆந்திராவில் நகரிப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின ஊர் எங்களுடையது. எங்கள் பாட்டன் காலத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் சொந்த நிலம் கிடையாது. பிறகு ஆளுக்கொரு துண்டு பட்டா கிடைத்து வேர்க்கடலை போட ஆரம்பித்தோம். சொந்தக் கொல்லை என்று வந்ததும் களையெடுப்பு ஒரு வெறியாகவே பிடித்துக்கொண்டது. ஊரார் நிலத்தில் கூலிக்குப் பிடுங்கின கை. தன் நிலத்தில் ஒரு கோரை தலை நீட்டினால் பொறுக்குமா? எவள் கொல்லையிலாவது களை தெரிந்தால் கல்யாணப் பந்தியில்கூடச் சொல்லிக் காட்டுவார்கள்.

களையெடுக்கும்போது நிரை பிடிப்போம். ஆளுக்கு இத்தனை சால் என்று பிரித்துக்கொண்டு, வரிசையாகக் குந்தி, ஒன்றாக நகர்வதுதான் நிரை. பின்தங்குகிறவளைக் கேலி பேசியே அழவைத்துவிடுவார்கள். நான் ஒருநாளும் பின்தங்கியதில்லை. பிறரை அழவைத்திருக்கிறேன்.

அந்த வருடங்களில் ஊரே கிளம்பிக்கொண்டிருந்தது. சிலர் பெங்களூருக்கு, சிலர் திருப்பூருக்கு, கொஞ்சம் பேர் குவைத்துக்கு. என் அண்ணன் முதலில் போனது கடலோரத்துக்கு. புலிகாட் ஏரிக்கு வடக்கே கடலை ஒட்டி எங்கு பார்த்தாலும் இறால் குட்டை வெட்டினார்கள். வயல், உப்பளம், சதுப்புக் காடு எதையும் விட்டுவைக்கவில்லை. எங்கோ இருக்கிற வெளிநாட்டுக்காரன் இறால் தின்னப் போகிறான் என்று இங்கே மண்ணைப் புரட்டிப் போட்டார்கள். சில வருடங்களில் இறாலுக்கு நோய் வந்தது. குட்டைகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எல்லோரும் கலைந்தார்கள். அண்ணன் அங்கிருந்தே குவைத்துக்கு டிரைவராகப் போனான். முதல் வருடம் கடிதம் போட்டான். பிறகு அதுவும் நின்றுவிட்டது.

அண்ணியும் அவளுடைய சின்னப் பெண்ணும் எங்களோடு இருந்தார்கள். எங்களுக்கு இருந்தது ஒரே அறை. அதில் நைனாவும் அம்மாவும் நானும். அண்ணியும் குழந்தையும் வெளியே ஆட்டுக் கொட்டகையை ஒட்டின சார்ப்பில் படுப்பார்கள். அதற்குக் கதவு கிடையாது, ஒரு சாக்குப் படுதாதான். அம்மா கெட்டவள் இல்லை. ஆனால் மகன் வராத கோபத்தையெல்லாம் மருமகள் தலையில் கொட்டினாள். குழந்தை இரண்டாவது தடவை சோறு கேட்டால் அம்மா பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அப்படியிருக்கும்போது கடலோரத்தில் வேலை இருப்பதாகச் செய்தி வந்தது. இறால் குட்டைக்குத் தப்பின இடத்தை வளைத்து ஒரு பூங்கா போடுகிறார்களாம். பூங்கா என்றதும் நாங்கள் ஊஞ்சலும் ரோஜாச் செடியும் இருக்கும் என்று நினைத்தோம். எங்கள் தெருவிலிருந்து பதினான்கு பெண்கள் புறப்பட்டோம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணியும். நான் ஐந்தாவது வரை தமிழிலும் அப்புறம் பத்தாவது வரை தெலுங்கிலும் படித்தவள், மஸ்டர் நோட்டில் ஆள் கணக்கு எழுதுவேன். அதனால் என்னை மேஸ்திரி ஆக்கினார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தலைகால் புரியவில்லை.

இப்போது அந்த இடம் திருப்பதி மாவட்டம். அப்போது நெல்லூர். பஸ்ஸை விட்டிறங்கி, ஒரு லாரியில் ஏறி, அதையும் விட்டிறங்கி நடந்தோம். முதலில் சேறு. அந்தச் சேற்றில் இடுப்புயரத்துக்கு வேரை விழுது விழுதாக ஊன்றிக்கொண்டு நின்ற செடிகள். அப்புறம் ஒரு நீளமான மணல்மேடு. மேட்டில் ஏறினதும் கடல். எங்களில் இரண்டு பேர் பயந்து கொஞ்ச தூரம் திரும்பி ஓடி, பிறகு மெல்ல வந்தார்கள். ஒருத்தி அங்கேயே குந்திக்கொண்டு கோவிந்தா கோவிந்தா என்றாள். அண்ணி மட்டும் குழந்தையைத் தூக்கிக் காட்டி, "பாரு, எவ்ளோ தண்ணி, ஒரு சொம்பு குடிக்க முடியாது" என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து வெகு காலமாகியிருந்தது.

பூங்காவைப் பார்த்துக்கொண்ட அதிகாரி திருப்பதிக்காரர். ஒல்லி ஆள். பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு எங்களோடு சேற்றில் இறங்குவார். பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகப் பேசுவார். ஊஞ்சல், ரோஜாச் செடி எதுவும் அங்கே வராது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அந்தக் கரையில் முன்பு என்னென்ன இருந்ததோ அதெல்லாம் திரும்பி வரவேண்டும். சேற்றில் சதுப்புச் செடி, மேட்டுக்குப் பின்னால் புன்னையும் பூவரசும், குளிர் காலத்தில் வந்திறங்கும் பூநாரைகளுக்கு ஆள் தொந்தரவில்லாத தண்ணீர். அதற்கு முதல் வேலை, இடமெல்லாம் பரவிக் கிடந்த சீமைக்கருவேல முள்ளை வேரோடு பிடுங்குவது. தெலுங்கில் அதைச் சர்க்கார் தும்ம என்பார்கள். பிடுங்குவதுதானே, எங்களுக்குச் சொல்லியா தரவேண்டும்? ஆறு மாதத்தில் முடிக்கச் சொன்னதை மூன்று மாதத்தில் முடித்தோம். ஐப்பசி மழைக்குக் கன்றும் நட்டோம். அதிகாரி வாய்விட்டுப் பாராட்டினார்.

பூங்கா வாசலில் காவலுக்கு என்று ஒரு வீடு கட்டியிருந்தார்கள். ஒரு அறை, சமையலுக்குக் கொஞ்சம் இடம், காங்கிரீட் கூரை. யுகாதி முடிந்ததும் எங்களில் ஒருத்தியை வருடம் முழுக்கக் காவல் வேலைக்கு வைத்துக்கொண்டு அந்த வீட்டையும் கொடுப்பதாக அதிகாரி சொல்லியிருந்தார். மற்றவர்கள் ஊருக்குத் திரும்பவேண்டியதுதான். பக்கத்து மீனவர் குப்பத்தில் ஆரம்பப் பள்ளிக்கூடம் இருந்தது. "குழந்தையை அங்கே சேர்த்துக்கொள்ளலாமே" என்று அண்ணியிடம் அவர் ஒருநாள் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் புரிந்தது. மறுநாளே அண்ணி குழந்தையை அங்கே சேர்த்துவிட்டாள்.

அன்றிலிருந்து அண்ணி அந்த வீட்டைத் தாண்டும்போதெல்லாம் நடை மெதுவாகிவிடும். "எனுக்கு வேற ஒண்ணும் வாணாம் பாப்பா" என்றாள் ஒருநாள். என்னை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "நானே உள்ள பூந்து தாப்பா போட்டுக்கற மாதிரி ஒரு கதவு. அது போதும். கெடச்சிட்டா அலிபிரியிலருந்து திருப்பதி மலைக்கு ஒவ்வொரு படிக்கும் மஞ்ச குங்குமம் வச்சிக்கினே ஏறுவேன்." அவ்வளவு படிக்கும் குனிந்து நிமிர்ந்தால் இடுப்பு போய்விடும் என்று கிண்டல் செய்தேன். போனால் போகட்டும் என்றாள்.

பங்குனி பிறந்ததும் அதிகாரி ஏதோ கூட்டம் என்று ஒரு வாரம் திருப்பதிக்குப் போனார். கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தார், அவ்வளவுதான். அது காலையிலேயே முடிந்துவிடும். பதினான்கு பெண்கள் மத்தியானத்துக்கு மேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. மேஸ்திரி என்று பெயர் வைத்துக்கொண்டு ஆட்களைச் சும்மா உட்காரவைப்பதா? சுற்றிலும் பார்த்தேன். மணல்மேடு கண்ணில் பட்டது.

மேடு முழுக்க ஒரு கொடி படர்ந்து கிடந்தது. ஆட்டுக்குளம்பு மாதிரி இலை, ஊதாப் பூ. அதனோடு, பந்து பந்தாக முள் வைத்த ஒரு புல். காலில் குத்தும். நாங்கள் நட்ட கன்றுகள் மேட்டுக்குப் பின்னால் வரிசையாக, சுத்தமாக நின்றன. அதற்கு மேலே இந்தக் கந்தரகோலம். யாரும் நடாதது, யாரும் தண்ணீர் ஊற்றாதது, இஷ்டத்துக்குப் படர்வது. எங்கள் ஊரில் அதற்குப் பெயர் களை.

"நிரை பிடிங்க" என்றேன்.

எல்லோரும் துள்ளி எழுந்தார்கள். அண்ணி மட்டும் கொடியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "பாப்பா, சார் வந்ததும் ஒரு வார்த்த கேட்டுக்கினு புடுங்கலாமே. பூவெல்லாம் வச்சிக்கினு கீது."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். "பூ வச்சா களை இல்லன்னு ஆயிடுமா? ஒனுக்கு ஒடம்பு வணங்கலன்னா போய் நெழல்ல குந்து" என்றேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். சாப்பாட்டுக்குக் கணக்குப் பார்த்த வீட்டிலிருந்து வந்தவளைப் பார்த்து உடம்பு வணங்கவில்லை என்றேன். அவள் போய் நிரையில் முதல் ஆளாக உட்கார்ந்து பிடுங்க ஆரம்பித்தாள்.

நான்கு நாளில் மேட்டை மொட்டையடித்தோம். கொடி லேசில் வரவில்லை. ஒன்றை இழுத்தால் இருபதடிக்கு வேரோடு வேராக மணலுக்குள்ளேயே ஓடியது. விடுவோமா நாங்கள்? பிடுங்கினதைக் குவித்துக் கொளுத்தினோம். மேடு பளபளவென்று, கோலம் போட மெழுகின வாசல் மாதிரி இருந்தது. சார் வந்து பார்த்தால் அசந்துபோவார் என்று பேசிக்கொண்டே குளிக்கப் போனோம்.

ஆறாம் நாள் மத்தியானம் கடல் காற்று எழுந்தது. தினமும் வருகிற காற்றுதான். அன்றைக்குக் கொஞ்சம் பலம் அதிகம். மேடு புகைகிற மாதிரி தெரிந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தபோது மேடு நடந்துவந்துகொண்டிருந்தது. மறுநாள் மாலைக்குள் முதல் மூன்று வரிசைக் கன்றுகளுக்கு நுனி மட்டும்தான் வெளியே தெரிந்தது. நாங்கள் கையால் மணலை வாரிப் பார்த்தோம், கூடையால் வாரிப் பார்த்தோம். வாரின இடத்தில் அடுத்த காற்றுக்கு இரண்டு மடங்கு வந்து நின்றது. ஊரில் எந்த மண்ணும் எங்களிடம் இப்படி நடந்துகொண்டதில்லை.

அதைவிடப் பெரிய அடி குப்பத்தில் விழுந்திருந்தது. அங்கே குழாயோ கிணறோ கிடையாது. மேட்டின் அடிவாரத்தில் மணலைத் தோண்டி வைத்த ஊற்றுக்குழிகள்தான் குடிதண்ணீர். கடலுக்கு அத்தனை பக்கத்திலும் அந்தத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும், நாங்களும் அதைத்தான் குடித்தோம். குழிகள் எல்லாம் தூர்ந்துபோயின. எட்டாம் நாள் காலையில் குப்பத்துப் பெண்கள் காலிக் குடங்களோடு பூங்காவுக்கு வந்து நின்றார்கள். அதே நேரத்துக்கு அதிகாரியின் ஜீப்பும் வந்தது.

அவர் மேட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. அந்தக் கொடியும் முள்புல்லும்தான் மணலைப் பிடித்து வைத்திருந்தன என்று, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்கிற மாதிரி, மெதுவாகச் சொன்னார். மேடு நின்றால்தான் பின்னால் மரம் நிற்கும், தண்ணீர் நிற்கும், குப்பம் நிற்கும். "நாம் நட்டதெல்லாம் அதற்குப் பின்னால்தான் அம்மா. அது எத்தனையோ காலமாக அங்கே இருந்தது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குக் காதில் விழுந்தது பாதி, விழாதது பாதி.

குப்பத்துப் பெண்கள் விடவில்லை. இதைச் செய்தவள் இங்கே இருக்கக்கூடாது என்று ஒரே பிடியாக நின்றார்கள். அவர்கள் கேட்டதில் தப்பு என்ன? அன்றைக்கு அவர்கள் பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை.

அதிகாரி எங்கள் பக்கம் திரும்பினார். "எவரு செப்பாரு? யார் பிடுங்கச் சொன்னது?"

மஸ்டர் நோட்டு என் கையில் இருந்தது. பதினான்கு பேரும் தரையைப் பார்த்தோம். சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தேன் என்று எழுதினால் அது பொய். வேலை போய்விடும், ஊரில் சிரிப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

"நான்தான் சார்" என்றாள் அண்ணி. "மொதல்ல நான்தான் குந்தி புடுங்கினேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் நோட்டைப் பார்த்தேன்.

அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை, அவர் முகத்தில் தெரிந்தது. இரண்டாவது தடவையும் கேட்டார், "வேறு யாராவது?" ஒருவரும் பேசவில்லை. அண்ணி மத்தியானமே மூட்டை கட்டினாள். குழந்தை, பள்ளிக்கூடத்தில் கொடுத்த சிலேட்டுப் பலகையைத் திருப்பித் தரமாட்டேன் என்று அழுதது. லாரி வரைக்கும் நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவள் பேசுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். "குப்பத்துக்காரங்களுக்கு குழிய நீங்களே வெட்டிக் குடுத்துடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

வெட்டிக் கொடுத்தோம். பிறகு கொடியை நடும் வேலை. வேறு கரையிலிருந்து துண்டு துண்டாக வெட்டிக் கொண்டுவந்து, மணலில் படுக்கவைத்து, தென்னை ஓலையைத் தடுப்பாக நட்டு, குழந்தைக்குப் புகட்டுவது மாதிரி தண்ணீர் ஊற்றினோம். கொடி பிடிக்க இரண்டு மழைக்காலம் ஆயிற்று. பேய் பிடித்தவள் மாதிரி அதில் நான் வேலை செய்தேன். அதைப் பார்த்துத்தான் அதிகாரி காவல் வேலையை எனக்குக் கொடுத்தார். வீட்டுச் சாவியையும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

அண்ணி அந்தச் சாக்குப் படுதாவுக்கே திரும்பிப் போனாள். சில மாதங்கள் தாக்குப்பிடித்துவிட்டு, நகரி டவுனில் பவர்லூமுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற வேலைக்குப் போய், வேறு பெண்களோடு ஒரு அறையில் தங்கிப் பெண்ணை வளர்த்தாள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பார்ப்பேன். அவளுக்குப் புடவை வாங்கிப் போவேன், குழந்தைக்கு பென்சில் டப்பா வாங்கிப் போவேன். சொல்லவேண்டியதை மட்டும் கொண்டுபோனபடியே திருப்பிக் கொண்டுவருவேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பூங்காவே கதி என்று கிடந்தேன். சதுப்புச் செடிகள் ஆள் உயரத்தைத் தாண்டின. இறால் விட்டுப்போன குட்டைகளில்கூட நண்டு வந்தது. பெரிய அதிகாரிகள் வந்தால் என்னைத்தான் கூப்பிட்டு விளக்கச் சொல்வார்கள்.

அப்படி விளக்கும்போது மணல்மேட்டருகே ஒரு கதை சொல்வது வழக்கமாகிவிட்டது. முன்பு ஒரு அம்மா இருந்தாள், அவளுக்கு எது களை, எது காவல் என்று தெரியாது, மேட்டையே மொட்டையடித்துவிட்டாள் என்று ஆரம்பித்தால் வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எத்தனை வருடம் சொன்னேனோ தெரியாது. சொல்லச் சொல்ல, அந்த அம்மா யாரோ என்றே எனக்கும் ஆகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பதியிலிருந்து வந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்குப் பின்னால் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். ஒருத்தி கழுத்தில் கம்பெனி அட்டை. தடா பக்கம் செல்போன் செய்கிற கம்பெனிகள் வந்து, நகரிப் பெண்பிள்ளைகளை பஸ் வைத்து அள்ளிக்கொண்டு போகிற காலம் அது. மற்றவள் தலையில் நரை. நான் கதையை முடித்துவிட்டேன், பிள்ளைகள் சிரித்து முடித்துவிட்டார்கள், அப்புறம்தான் அது அண்ணி என்று தெரிந்தது. மகளுக்கு அந்தக் கம்பெனியில் வேலை கிடைத்து, இருவரும் பக்கத்தில் அறை எடுத்திருந்தார்கள். ஆச்சரியப்படுத்தலாம் என்று சொல்லாமல் வந்திருக்கிறார்கள்.

அண்ணி மேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளை என்னிடம், அந்த அம்மா இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெலுங்கில் கேட்டது.

"நான்தான் அது" என்றேன். "நான்தான் பிடுங்கச் சொன்னேன். இவங்க வேணாம்னாங்க. நான் கேக்கல. என் பழிய இவங்க ஏத்துக்கினாங்க. வேலையும் வீடும் எனக்கு வந்துச்சி." தெலுங்கும் தமிழும் கலந்து என்ன சொன்னேனோ, எனக்கே தெரியாது. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அண்ணியின் மகள் என்னையே உற்றுப் பார்த்தாள். அவளுக்கு அதுவரை தெரியாது.

"விடு பாப்பா" என்றாள் அண்ணி. "இந்தப் புள்ளைங்களுக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்."

வீட்டுக்கு அழைத்துப் போனேன். மகள் உள்ளே வரவில்லை, வெளியே பூவரச மரத்தடியில் நின்றுகொண்டாள். நான் தண்ணீர் கொடுத்தேன். கேட்கவேண்டியதைக் கேட்டேன். "ஏன் அண்ணி அன்னிக்கி அப்பிடிச் சொன்ன?"

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். "நான் சொன்னா, நீயும் நானுந்தான்னு சொல்லுவேன்னு நெனச்சேன். ரெண்டு பேர்னா சார் யாரயும் அனுப்ப மாட்டாரு. அவுரு நல்ல மனுசன். ரெண்டாவது வாட்டி கேட்டாரே, அப்பக்கூட ஒன் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தேன்." கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் அழுதேன். அவள் கொஞ்ச நேரம் என் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பார்க்க என்ன இருக்கிறது, ஒரு அறை. சமையல் பக்கம் போனவள் ஜன்னலுக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"அடுப்ப ஏன் ஜன்னலாண்ட வச்சிக்கினு கீற? காத்து அடிக்காது? நானா இருந்தா அந்த மூலையில வச்சிருப்பேன். இங்க வெளிச்சம் வருது, புள்ள குந்தி படிக்க எடம் கெடச்சிருக்கும்."

"இன்னிக்கே மாத்திடறேன் அண்ணி" என்றேன்.

"எனுக்கு எதுக்கு மாத்தற? ஒன் வீடு" என்று சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.